மருந்தில்லாத ஊசி

மஞ்சுளாவுக்கு ஊசி என்றால் பயம் கிடையாது. பயந்தால் அவள் பிழைப்பு நடக்காது. நாமக்கல்லைச் சுற்றியுள்ள கோழிப்பண்ணைகளுக்குத் தடுப்பூசி போடப் போகிற பெண்கள் கூட்டம் ஒன்றுக்கு அவள்தான் தலைவி. அவளுக்குச் சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில் சின்ன ஊர். விடிந்ததும் வேன் வந்து நிற்கும். எல்லாரும் ஏறிய பிறகு கடைசியாக ஏறி முன்சீட்டில் உட்காருவாள். ஆள் ஒல்லி, முருங்கைக் குச்சிக்குச் சேலை கட்டியது போல இருப்பாள். ஆனால் குரல் இருக்கிறதே, அது ஷெட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அத்தனை கோழிகளின் கத்தலையும் தாண்டிப் போகும்.

வேலை இருவர் இருவராக நடக்கும். ஒருத்தி கூண்டுக்குள் கைவிட்டுக் கோழியை இழுத்து இறக்கையைச் சேர்த்துப் பிடிப்பாள். அடுத்தவள் நெஞ்சுச் சதையில் ஊசியை இறக்கி விசையை அழுத்துவாள். பிடிக்கிறவள் ஸ்ரீதேவி, குத்துகிறவள் மஞ்சுளா. ஊசி கொஞ்சம் ஆழமாகப் போனால் ஈரலில் பட்டுக் கோழி கையிலேயே சரிந்துவிடும். மற்றவர்கள் கையில் அப்படிச் சரிந்ததுண்டு. மஞ்சுளா கையில் சரிந்ததில்லை. இதை அவளே ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள், தற்பெருமைக்குத் தம்பட்டம் அடிக்க ஆள் வைக்க முடியுமா என்ன?

அந்தக் கைதான் அவளைப் படுத்தியது. நாள் முழுக்க ஒரே அசைவு, வருஷக்கணக்கில். வலது தோள் கல்லாக இறுகி, தலை சீவக் கை மேலே போகாத நிலை வந்தது. தைலம் தேய்த்தாள், உப்பு ஒத்தடம் கொடுத்தாள், மாத்திரை தின்று வயிற்றைக் கெடுத்துக்கொண்டாள். ஸ்ரீதேவிதான் பிடித்த பிடியாகச் சேந்தமங்கலத்திலிருந்த நர்மதாவிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

நர்மதா ராசிபுரத்து நெசவுக் குடும்பத்துப் பெண். பிசியோதெரபி படித்துவிட்டு, ஒரு ஜவுளிக்கடை மாடியில் அறை பிடித்து வைத்தியம் பார்த்தாள். ட்ரை நீட்லிங் என்று ஒரு முறையை அவள் கற்றிருந்தாள். மயிர் போன்ற ஊசியை, மருந்து எதுவும் இல்லாமல், இறுகிக் கிடக்கிற தசை முடிச்சில் இறக்குவாள். தசை ஒரு வெட்டு வெட்டித் துள்ளும், பிறகு தளர்ந்துவிடும். "மருந்தில்லாத ஊசி" என்று ஊரில் அதற்குப் பெயர் விழுந்திருந்தது.

முதல் நாள் நர்மதா பொறுமையாக ஆரம்பித்தாள். "அக்கா, ஊசி வெச்ச எடம் ரெண்டு நாளைக்கு நோவும். நீலம் பாரிக்கும். சில பேத்துக்குத் தலை சுத்தும், தூக்கமா வரும். அதெல்லாம் தானா சரியாயிரும். ஆனா எங்கியோ ஒருத்தருக்கு நுரையீரல்ல பட்டுரலாம். அதனால..."

"தோளுக்கும் நுரையீரலுக்கும் என்ன கண்ணு சம்பந்தம்?" என்று மஞ்சுளா சிரித்தாள்.

"நுரையீரலோட நுனி கழுத்தடி வரைக்கும் ஏறி நிக்குதுங்கக்கா. அதும் உங்களாட்டம் சதையில்லாத உடம்புல..."

"ஊசி வெக்கற ஆளுக்கே ஊசிக் கதை சொல்றியா? நீ வெய்யி சாமி, ஊருக்கு பஸ் போயிரும்."

சும்மா சொல்லக்கூடாது, அந்தப் பெண்ணின் கை நல்ல கை. முதல் தடவையே பாதி வலி இறங்கியது. அடுத்த வாரம் மஞ்சுளா தலையைத் தானே சீவிப் பின்னிக்கொண்டு, கண்ணாடியில் அழகு பார்த்தாள். கூட்டத்துப் பெண்களிடமெல்லாம் நர்மதாவின் புகழ் பாடினாள்.

அதற்கடுத்த வாரம்தான் அது நடந்தது. தோளுக்கும் கழுத்துக்கும் நடுவில் ஊசி இறங்கியபோது மஞ்சுளாவுக்குச் சுருக்கென்று நெஞ்சுக்குள் ஏதோ இழுத்தது. தன்னையறியாமல் இருமினாள். நர்மதாவின் கை அப்படியே நின்றது.

"என்னங்கக்கா?"

"தொண்டையில என்னமோ. நீ பாரு."

நர்மதா ஊசியை எடுத்துவிட்டாள். அதன்பிறகு வேறு ஊசி வைக்கவில்லை. உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, மூச்சை இழுத்து விடச் சொன்னாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. "நெஞ்சு குத்துனா, மூச்சு வாங்குனா ஒடனே எனக்குப் போன் பண்ணோணும். நாளைக்குக் கஷ்டமான வேலை வேண்டாங்க்கா" என்றாள்.

"நாளைக்குத்தான் பெரிய பண்ணை" என்று சொல்லிக்கொண்டே மஞ்சுளா படியிறங்கிவிட்டாள்.

அவளுக்குத் தெரியாததை நாம் தெரிந்துகொள்வோம். அந்த ஊசி இம்மியளவு கூடுதலாக இறங்கி நுரையீரலின் மேல்தோலைக் குத்திவிட்டு வந்திருந்தது. சைக்கிள் டியூபில் நெருஞ்சி முள் ஏறினால் உடனேயா காற்று போகிறது? ஓட்டிக்கொண்டே போவோம், போகப் போகத்தான் சக்கரம் தரையில் உட்காரும். அப்படித்தான் அவள் நெஞ்சுக்கூட்டுக்குள் காற்று கசிய ஆரம்பித்திருந்தது. வெளியே போக வழியில்லாத அந்தக் காற்று நுரையீரலையே அமுக்கும். சும்மா படுத்திருந்தாலாவது மெதுவாகக் கசியும். ஓடியாடி வேலை செய்தால் ஆளையே கொண்டுபோய்விடும்.

மறுநாள் காலை எழும்போதே வலத்தோளும் முதுகும் குத்தின. ஊசி வைத்த நோவுதானே என்று மஞ்சுளா வேனில் ஏறினாள்.

பெரிய பண்ணைகளில் உள்ளே போவதே ஒரு சடங்கு. குளித்து, பண்ணை கொடுக்கும் உடுப்பை மாட்டி, மருந்துத் தண்ணீரில் கால் நனைத்துத்தான் ஷெட்டுக்குப் போக வேண்டும். போனையெல்லாம் கேட்டிலுள்ள மரப்பெட்டியில் போட்டுவிட வேண்டும். ஒரு தடவை உள்ளே போனால் வேலை முடியாமல் வெளியே வர முடியாது, வந்தால் மறுபடி எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். நோய் உள்ளே வந்துவிடக்கூடாது என்பதற்காக இத்தனை கட்டுப்பாடு. ஆட்களுக்கு வருகிற நோயைப் பற்றி யாரும் எதுவும் சொல்லி வைக்கவில்லை.

கூண்டுகளுக்குக் கீழே எச்சம் மலைபோலக் குவிந்திருந்தது. அமோனியா நெடி கண்ணைக் கரித்தது. எல்லாரும் இருமினார்கள். ஆகவே மஞ்சுளா இருமியதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஒரு வரிசை முடித்ததும் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"நெடி ஏறிப்போச்சு. சித்த நேரம் ஷெட்டுக்கு வெளிய காத்தாட நில்லுங்க" என்றான் சூப்பர்வைசர் குருமூர்த்தி. நல்லவன்தான். ஆனால் அவனுக்கு மனிதரைவிடக் கோழி பத்திரம்.

"திறந்த மருந்து வீணாப் போகும். நீ போ தம்பி" என்று மஞ்சுளா சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் நடுவில் ஒரு தரம் மூச்சு இழுக்க வேண்டியிருந்தது.

ஸ்ரீதேவிக்குத்தான் என்னமோ போல இருந்தது. "அக்கா, நேத்து ஊசி வெச்சுட்டு வந்தியே, அதனால இருக்குமா?"

"அதுல மருந்தே கெடையாது. மருந்தில்லாத ஊசி என்னடி பண்ணும்?"

ஸ்ரீதேவிக்கும் அது சரியாகவே பட்டது. ஏனென்றால் இந்த வேலையில் இருக்கிற எல்லாருக்கும் அது அனுபவப் பாடம். கோழி துள்ளும்போது ஊசி கையில் குத்தாத பெண் இந்தக் கூட்டத்தில் கிடையாது. மருந்தோடு குத்திவிட்டால் விரல் வாழைப்பூவாக வீங்கும், ஆஸ்பத்திரியில் கீறி எடுக்க வேண்டி வரும். ஸ்ரீதேவிக்கே அப்படி ஒரு விரல் மடங்காமல் போயிருக்கிறது. மருந்து தீர்ந்த வெறும் ஊசி குத்தினால் சேலையில் துடைத்துவிட்டு அடுத்த கோழியைப் பிடிப்பார்கள். வினையெல்லாம் மருந்தில்தான், ஊசி வெறும் முள் என்பது அவர்கள் வேதம். அதே முள் எங்கே போய் நிற்கிறது என்பதில்தான் கோழியின் உயிரே இருக்கிறது என்று தெரிந்தவள் மஞ்சுளா. தன் உடம்பு என்று வந்தபோது அந்தக் கணக்கு அவளுக்கு ஓடவில்லை.

மத்தியானம் சோற்றுக்கு உட்கார்ந்தார்கள். அவளால் இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. ஓம வாட்டரைக் குடி என்றாள் ஒருத்தி. வாயுப் பிடிப்பு, முதுகை நீவிவிட்டால் ஏப்பம் வரும் என்றாள் இன்னொருத்தி. நீவியபோது மஞ்சுளாவுக்கு உயிர் போய் வந்தது. படுக்கலாமென்று சாய்ந்தால் மூச்சு அடைத்தது, எழுந்து உட்கார்ந்துகொண்டாள். உதடு வெளுத்திருந்தது. அவள் முகத்தைப் பார்த்த ஸ்ரீதேவி தன் சோற்றை மூடி வைத்தாள்.

"போதுங்க்கா. பச்சமுத்து அண்ணனுக்குச் சொல்லியனுப்பலாம்."

"சொன்னீன்னா... நாளைல இருந்து... நீ வேற ஆளுக்குக் கோழி புடி." மிரட்டலைக்கூட அவளால் ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை.

அவள் கணவன் பச்சமுத்து நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். வாய் பேசுவதற்கு முன் கை பேசுகிற ஆள். எருமைக்குத் தப்பு ஊசி போட்ட ஆளைச் சந்தை நடுவில் அறைந்த கதை இன்றும் ஊரில் ஓடுகிறது. அந்த ஆள் வந்தால் பண்ணையில் ரகளைதான் என்பது மஞ்சுளாவின் பயம். அந்தப் பயத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மறுபடி ஷெட்டுக்குள் போனாள்.

போய்க் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். ஸ்ரீதேவி பிடித்துக்கொடுத்த கோழியின் நெஞ்சில் ஊசியை இறக்கினாள். ஊசி ஓர் இழை ஆழமாகப் போய்விட்டது. விசையை அழுத்தியதும் கோழி ஒரு தரம் உதறி, வாயைப் பிளந்து, கழுத்தைத் தொங்கப் போட்டது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். இத்தனை வருஷத்தில் மஞ்சுளா கையில் சரிந்த முதல் கோழி அது.

"அக்கா..." என்றாள் ஸ்ரீதேவி.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. கேட்டுக்கு வெளியே யாரோ ஸ்கூட்டர் ஹாரனை விடாமல் அடித்தார்கள். முட்டைக் கோழிப் பண்ணைப் பக்கம் ஹாரன் அடிக்கக்கூடாது என்பது பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். கோழி மிரண்டால் முட்டை குறையும், ஒன்றையொன்று மிதித்துச் சாகும். ஷெட் முழுவதும் ஒரே அலறல், இறக்கையடிப்பு, தூசி. குருமூர்த்தி தலையில் அடித்துக்கொண்டு கேட்டை நோக்கி ஓடினான். ஹாரன் நிற்கவில்லை.

மஞ்சுளாவுக்கு வந்த கோபத்தில் கட்டுப்பாடெல்லாம் மறந்துபோயிற்று. கோழிகளை மிரட்டுகிற ஆளைக் கிழித்துவிடுவது என்று கூண்டுக் கம்பியைப் பிடித்துப் பிடித்து வெளியே நடந்தாள். பின்னாலேயே ஸ்ரீதேவி.

கேட்டில் நின்றவள் நர்மதா. தலை கலைந்து, கண் சிவந்து, ஹாரன் பொத்தானில் வைத்த கட்டைவிரலை எடுக்காமல் நின்றாள். காலையிலிருந்து அவள் போன் செய்து செய்து பார்த்திருக்கிறாள். மஞ்சுளாவின் போன் மரப்பெட்டிக்குள் கிடந்து அடித்துக்கொண்டேயிருந்திருக்கிறது. மத்தியானத்துக்கு மேல் பொறுக்க முடியாமல் மாடியறையைப் பூட்டிவிட்டு, ஊர் ஊராக விசாரித்துப் பண்ணையைக் கண்டுபிடித்து வந்தால், வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. வெளியாட்களை விடக்கூடாது என்பது அவருக்குக் கட்டளை.

"ஏம்மா, புத்தி இருக்குதா ஒனக்கு? எத்தனை கோழி போகும் தெரியுமா?" என்று குருமூர்த்தி கத்தினான்.

"மஞ்சுளாக்கா எங்கீங்க? அவங்களைக் காட்டுங்க, நிறுத்தறேன்."

மஞ்சுளா கேட்டருகே வந்து வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. ஷெட்டை உலுக்குகிற அந்தக் குரல் தொண்டைக்கு வந்து காற்றில்லாமல் நின்றுவிட்டது. கேட்டுக் கம்பியைப் பிடித்தபடி அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள்.

நர்மதா ஸ்கூட்டரைக் கீழே சாய்த்துவிட்டு, வாட்ச்மேனைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடிவந்தாள். மஞ்சுளாவின் முதுகில் காதை வைத்தாள். இடப்பக்கம் மூச்சு ஓடுவது கேட்டது. வலப்பக்கம் மாற்றினாள். எங்கெங்கோ வைத்து வைத்துப் பார்த்தாள்.

"இந்தப் பக்கம் மூச்சே கேக்கலீங்க. வண்டி எடுங்க, வெசையா!"

"நெடிதான் ஏறியிருக்குது. சித்த நேரம் படுத்தா..." என்று குருமூர்த்தி இழுத்தான்.

"நெடி இல்லீங்க. ஊசி. நான் வெச்ச ஊசி. வண்டி எடுங்க!"

குருமூர்த்தியின் காரில் பின்சீட்டில் நடுவே மஞ்சுளாவை நிமிர்த்தி உட்காரவைத்து இருபுறமும் இருவரும் பிடித்துக்கொண்டார்கள். புழுதி பறந்தது. முன்னால் முட்டை லாரி ஒன்று ஆடி அசைந்து போனது, வழி விடவில்லை. ஒவ்வொரு மூச்சும் மேலே மேலே நின்றது, கீழே இறங்க மறுத்தது. அப்போதுதான் மஞ்சுளா பயந்தாள். பிறந்ததிலிருந்து அப்படி ஒரு பயத்தை அவள் அறிந்ததில்லை. நான் சாகப் போகிறேன், என் மகள் அகல்யாவுக்கு இன்னும் கல்யாணம்கூட ஆகவில்லை என்று நினைத்தாள். யார் கையென்று பார்க்காமல் பக்கத்திலிருந்த கையை இறுக்கிப் பிடித்தாள். அது நர்மதாவின் கை. சில்லிட்டிருந்தது.

"பேசாதீங்கக்கா. குனியாதீங்க. சின்னச் சின்ன மூச்சா விடுங்க. வந்துட்டோம்" என்று நர்மதா சொல்லிக்கொண்டே வந்தாள். வரவில்லை. நாமக்கல் ஊருக்குள் நுழையவே யுகம் ஆனது.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்விக்குக் குருமூர்த்தி முந்திக்கொண்டான். "பண்ணைல அமோனியா நெடிங்க சார்."

"இல்லீங்க டாக்டர்" என்று நர்மதா முன்னால் வந்தாள். "நேத்து பொழுதோட வலத்தோள் மேல நான் ட்ரை நீட்லிங் பண்ணேன். ஊசி இறங்கறப்ப இருமுனாங்க. வலப்பக்கம் மூச்சுச் சத்தம் இல்லை. நுரையீரல்ல பட்டிருக்கும். என்னாலதான்."

அங்கே நின்ற நர்ஸ், அட்டெண்டர், பக்கத்துக் கட்டில் உறவுக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டர் அவளைப் பார்க்கவில்லை. எக்ஸ்ரேவுக்கு ஆள் விரட்டினார்.

படத்தில் வலது நுரையீரல் கசக்கிப் போட்ட துணியாகச் சுருங்கியிருந்தது. விலா எலும்புகளுக்கு நடுவே மரத்துப்போகச் செய்து ஒரு குழாயைச் செருகினார்கள். அதன் மறுமுனை தரையில் வைத்த ஜாடித் தண்ணீருக்குள் போனது. செருகிய மாத்திரத்தில் ஜாடியில் குபுகுபுவென்று குமிழி கிளம்பியது. மஞ்சுளாவின் மூச்சு ஒரு படி இறங்கியது. பிறகு இன்னொரு படி. அவள் கண்ணிலிருந்து தானாகத் தண்ணீர் வழிந்தது. மூச்சு என்பது இத்தனை ருசியான பொருளென்று அவளுக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை.

பச்சமுத்து வந்து சேர்ந்தபோது வெளியே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பட்டறைக் கரி முகத்தோடு வந்தான். வாசலிலேயே குருமூர்த்தி எல்லாவற்றையும் ஒப்பித்திருந்தான். உள்ளே வந்தவன் பெண்டாட்டியை ஒரு பார்வை பார்த்தான், விலாவில் தொங்கிய குழாயைப் பார்த்தான், சுவரோரம் நின்றவளிடம் போனான்.

"நீதானா ஊசி வெச்சவ?"

"ஆமாங்கண்ணா."

கை ஓங்கிவிட்டது. நர்மதா நகரவில்லை, முகத்தைத் திருப்பவுமில்லை.

"அடிங்கண்ணா. அதுக்கு முந்தி ஒண்ணு சொல்லீர்றேன். அக்கா இருமறப்பவே எனக்கு மனசுல பட்டுருச்சு. அப்பவே இங்க கூட்டியாந்து படம் எடுத்துப் பாத்திருக்கோணும். அப்பிடி இருக்காதுன்னு எனக்கு நானே சொல்லிட்டு ஊட்டுக்குத் தாட்டி உட்டுட்டேன். நுரையீரல்ல படக்கூடாதுன்னு அந்தத் தசையை விரல்ல தூக்கிப் புடிச்சுட்டுத்தான் வெச்சேன். ஆனா ஒல்லி உடம்புன்னு தெரிஞ்சும் அந்த எடத்துல வெச்சிருக்கக் கூடாது."

ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. ஏனென்றால் படுக்கையிலிருந்து மஞ்சுளாவின் குரல் வந்தது. மெலிந்த குரல்தான், ஆனால் வந்தது.

"மனசுல பட்டுமா... தாட்டி உட்டே?"

நர்மதா தலையாட்டினாள்.

மஞ்சுளாவுக்குக் கோபம் பொங்கியது. பொய் சொல்வானேன், எழுந்து போய்த் தானே கன்னத்தில் ஒன்று வைக்கலாமா என்றிருந்தது. மன்னிப்பெல்லாம் கதைகளில் உடனே வரும். விலாவில் குழாயோடு படுத்திருக்கிறவளுக்கு அப்படி வராது. கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். ஜாடியில் குமிழி விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது.

கிடந்தபடியே அவள் யோசித்தாள். இந்தப் பெண் தன் மாடியறையிலேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நெடி என்று குருமூர்த்தி சொல்லியிருப்பான். ஆமாம் என்று பண்ணையே சொல்லியிருக்கும். இவ்வளவு ஏன், மருந்தில்லாத ஊசி ஒன்றும் பண்ணாது, நெடிதான் என்று அவளே தன் வாயால் சாட்சி சொல்லிவிட்டுத்தான் செத்திருப்பாள். நர்மதாவின் பெயரை யாரும் உச்சரித்திருக்கப் போவதில்லை. இது நர்மதாவுக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்துதான் வந்திருக்கிறாள்.

"ஏனுங்க" என்றாள் மஞ்சுளா.

பச்சமுத்து திரும்பினான். கை இன்னும் இறங்கவில்லை.

"கையக் கீழ போடுங்க. இருட்டப் போகுது. அந்தப் புள்ளையோட வண்டி பண்ணையிலயே கெடக்குது. கூட்டிட்டுப் போயி அவிய ஊட்டுல உட்டுட்டு வாங்க."

"நானா? இவளையா?"

"நீங்கதான்." மூச்சு வாங்கிக்கொண்டு, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "அவ வரலீன்னா... இந்நேரம் என்னையச் சுடுகாட்டுல கொண்டுபோயி உட்டுட்டு வாரதுக்கு... ஒறம்பரை சனத்துக்கெல்லாம் போன் போட்டுட்டு இருப்பீங்க."